குழுன்னா எந்தக் குழுங்?

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். அந்த வேலையில் எத்தனையோ மெமோ அடித்திருக்கிறேன், நாலைந்து பேரை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். அதெல்லாம் காலப்போக்கில் மறந்துவிட்டது. மறக்காமல் தொண்டையில் முள்ளாக நிற்பது ஒரு ஃபாரம். 'பணித் திருப்தி ஆய்வு' என்று தலைப்பு. முப்பது கேள்வி, கேள்விக்கு ஐந்து கட்டம், 'மிகவும் திருப்தி'யில் தொடங்கி 'மிகவும் அதிருப்தி' வரை. எம்.பி.ஏ. ப்ராஜெக்டுக்கு வாங்கி வைத்திருந்த இங்கிலீஷ் ஃபாரத்தை நானே உட்கார்ந்து தமிழாக்கினேன். பதினேழாவது கேள்வி: 'குழுப்பணியில் தங்களுக்குள்ள திருப்தியின் அளவு'. அன்றைக்கு அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்த்து எனக்கே ஒரு பெருமை.

நர்சிங் அசிஸ்டண்டுகளுக்கு ஃபாரம் கொடுத்தது அடித்தளத்தில், லாண்டரிக்குப் பக்கத்து அறையில். பகல் டியூட்டி முடிந்து, டிபன் கேரியரும் வயர் கூடையுமாக வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் பஸ் அவசரம். அந்தியூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். பதினேழில் நின்றார்.

"ஏனுங் தம்பி, குழுன்னா எந்தக் குழுங்?"

"இங்க வேலை செய்யற குழுதாங்க்கா."

"அதாங். நாங்க பத்துப் பேரு சேந்து எடுத்துருக்கறம். செவ்வாக்கெழமயானா கட்டிப்போடறனுங். ஒரு தவண நின்னதில்லீங்."

'மிகவும் திருப்தி'யில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மகளிர் குழு. கடன். நம் ஊரில் குழு என்றால் பெண்களுக்கு அதைத் தவிர வேறென்ன? நான் திருத்தவில்லை. இன்னும் இருபது பேர் நின்றார்கள், எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் சொன்னதைக் கேட்டுப் பின்னால் நின்றவர்கள் எத்தனை பேர் தவணையை நினைத்துக்கொண்டு டிக் அடித்தார்கள் என்பது அந்தப் பதினேழாம் நம்பருக்கே வெளிச்சம். ரிப்போர்ட்டில் முப்பது கேள்வியிலும் அதிக மதிப்பெண் குழுப்பணிக்குத்தான் வந்தது. கான்பரன்ஸ் ஹாலில் பிஸ்கெட்டும் டீயுமாக அந்த ஸ்லைடு ஓடியபோது நிர்வாகி என் தோளைத் தட்டினார். ரிப்போர்ட் ஆஸ்பத்திரியின் தர அங்கீகாரக் கோப்பில் ஏறியது.

அடுத்த மூன்று மாதத்திலேயே ராஜினாமாக்கள் வரிசைகட்டின. 'மிகவும் திருப்தி' அடித்த கைகள்தான். போகிற இடம் தெரிந்ததுதானே, திருப்பூர், பெருந்துறை, பனியன் கம்பெனி. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் அங்கே வாரக்கூலி கையில் நிற்கும், வேனும் வாசலுக்கு வரும். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "ஊட்டுல சூழ்நெல செரியில்லீங்." ஹெச்.ஆர்.காரனிடம் உண்மை பேச யாருக்கு என்ன கிறுக்கா?

## கைமடி

பனியன் கம்பெனி பேச்சு வந்ததால் ஒன்று. டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை மடித்து, அடுத்ததை எடுத்துக் கொடுக்கும் ஆளுக்குக் கைமடி என்று பேர். கைமடி நின்றால் மெஷின் நின்றுவிடும். திருப்பூர் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், செக்கிங் என்று வரிசையாக வரும் பட்டியலில் கைமடிக்கும் ஒரு வரி உண்டு. ஆஸ்பத்திரியின் கைமடி இந்த நர்சிங் அசிஸ்டண்ட். அவருக்கு நர்சுகளின் பதிவுப் பட்டியலில் வரி கிடையாது. நர்ஸ் படிப்பில் ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நாலு வருடம் படித்தவர்கள் 1926-இலிருந்து இருக்கிற தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம். பஸ் ஸ்டாண்டுச் சுவர் நோட்டீஸைப் பார்த்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சர்ட்டிபிகேட் கோர்ஸ் முடித்த பெண்ணுக்கு அங்கே இடமில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி மத்திய அரசு போட்ட குழு ஒன்று (இது வேறு குழு) 2016-இல், ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்ததே, அது நர்சுகளுக்கு. அவர்களிடமே போய் அது கைக்கு வந்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கூப்பிடும் பேரே நிலையில்லை. காலையில் நோயாளிக்கு அவர் 'சிஸ்டர்'. பெட்பேன் எடுத்த பிறகு 'ஏம்மா'. இன்சார்ஜ் சிஸ்டருக்கு எப்போதும் 'ஆயாம்மா', இருபது வயதுப் பெண்ணாக இருந்தாலும். என்னுடைய எக்செல் ஷீட்டில் 'என்.ஏ.' ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை.

எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கைத் தெரிந்திருக்கும். 1959-இல் அவர் சொன்னது: சம்பளமும் வேலையிடமும் மோசமாக இருந்தால் அதிருப்தி வரும், ஆனால் அவை நன்றாக இருப்பதால் மட்டும் திருப்தி வந்துவிடாது, அதற்கு வேலையிலேயே ஒரு பொருளும் மதிப்பும் வேண்டும். இதை எங்கள் நிர்வாகி எப்படிப் படித்தார் என்றால், சம்பளத்தைத் தொட வேண்டாம், 'இம்மாதச் சிறந்த பணியாளர்' என்று போட்டோ மாட்டினால் போதும். மாட்டினோம். போட்டோவில் இருந்த பெண் அடுத்த மாதமே போய்விட்டார், பிரேமில் இருந்து படத்தை உருவுகிற வேலை எனக்கு. ஹெர்ஸ்பெர்க் பேட்டி எடுத்தது பிட்ஸ்பர்க் பக்கம் இருநூறு இன்ஜினியர்களையும் கணக்கர்களையும். அவர்களில் யாரும் ராத்திரி இரண்டு மணிக்கு எண்பது கிலோ ஆளைத் தனியாகப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

அந்த அறுபத்திரண்டு பேருக்கும் யாருக்கு எங்கே டியூட்டி என்கிற ரோஸ்டர் போட்டதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட உட்கார்ந்து போடுவேன். இந்த வாரம் மூன்றாம் மாடி, அடுத்த வாரம் டயாலிசிஸ், அதற்கடுத்து பிரசவ வார்டு. ஒருவரும் தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது, ஒரே ஜோடி இரண்டு முறை சேர்ந்து வரக் கூடாது. காரணம் எனக்குச் சொல்லப்பட்டது: "ஒரே எடத்துல வெச்சா கூட்டணி சேந்துக்குவாங்க தம்பி." சம்பளம் கேட்பார்கள், லீவை மாற்றிக்கொள்வார்கள், ஒருத்தி போனால் நாலு பேர் ஒட்டுக்கா போவார்கள் என்ற பயம். ஸ்டாஃப் நர்சுகளுக்கு ரோஸ்டர் போடுவது நர்சிங் சூப்பரின்டெண்ட், அது மாதத்துக்கு ஒன்று. இரண்டு தாளையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஆள் சேரக் கூடாது என்று வாராவாரம் கலைத்துப் போட்டுவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை போய்க் குழுப்பணியில் திருப்தியா என்று கேட்டவன் நான். அப்போது இது உறைக்கவே இல்லை.

## மூன்று ராத்திரி

உறைத்தது போன தை மாதம். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டு நூல் கம்பெனிக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு வெடியால எழுந்திருக்கும்போது வலது கை வரவில்லை, வாய் கோணியது. பவானியிலிருந்து ஈரோடு, அங்கிருந்து கோயம்புத்தூர். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். நாலு நாள் ஐ.சி.யூ., பிறகு வார்டு. ராத்திரி அட்டெண்டராக நான்.

முதல் ராத்திரி பத்து மணிக்கு ஐம்பது வயதுக்குப் பக்கமான ஓர் அக்கா வந்தார். கூடவே பேனாவை பாக்கெட்டில் சொருகியபடி ஒரு ஸ்டாஃப் நர்ஸ், சின்னப் பெண். பக்கவாதக்காரரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும் என்பதை மெமோவில் எழுதியிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பாவின் தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் குறுக்கே ஒரு டிரா ஷீட் கிடந்தது. அக்கா ஒரு பக்கம், நர்ஸ் மறுபக்கம். இருவரும் ஷீட்டின் ஓரத்தை உடம்போடு ஒட்டுகிற வரைக்கும் சுருட்டினார்கள். உள்ளங்கை மேலே பார்க்க, முட்டி அப்பாவின் விலாவில் உரச, இறுக்கிப் பிடித்தார்கள். அக்கா கட்டிலை ஏற்றித் தன் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். "ஒண்ணு, ரெண்டு, ம்." அப்பா மெத்தையை விட்டு ஓர் அங்குலம் மேலே எழும்பி, தலையணைப் பக்கம் போய், அப்படியே இறங்கினார். சத்தமே இல்லை. பிறகு இடது பக்கம் சாய்த்து முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவே ஒன்று, குதிகால் காற்றில் நிற்கிற மாதிரி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று.

"ஒட்டுக்கா தூக்கோணுமுங். ஒருத்தரு முந்துனாலும் இழுத்துரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், பாடம் எடுக்கிற மாதிரி இல்லாமல், சும்மா பேச்சுக்கு.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு மனதில் நிற்கிறது. அப்பாவின் வேட்டியை விலக்கி, முதுகெலும்பு முடிகிற இடத்தில் புறங்கையை வைத்தார். எடுத்துவிட்டு இரண்டு விரல் தள்ளி வைத்தார். திரும்ப முதல் இடம். "இங்க சூடு நிக்குதுங் சிஸ்டர். கொஞ்சம் கல்லாட்டமும் இருக்குது." நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்றுதான் நானும் படித்திருந்தேன், விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. "கருத்த ஒடம்புல செவப்பு எங்கீங் தெரியும்? தொட்டுத்தான் பாக்கோணும்" என்றார் அக்கா. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடத்தை ஒரு சர்ட்டிபிகேட் கோர்ஸ்காரர் எங்கள் வார்டில் திருத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் மறுக்காமல் தானும் புறங்கையை வைத்துப் பார்த்தாள், கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுதினாள். எழுதிவிட்டு, "அக்கா, பன்னெண்டுக்கு நாம வலப் பக்கமா வெக்கலாமா, இல்ல மல்லாக்கவே வேண்டாமா?" என்று கேட்டாள். அக்காவின் முகம் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்த விதத்தை என் ஐந்து கட்டத்தில் எங்கே போடுவது?

இரண்டாம் ராத்திரியும் அதே இருவர். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. சூடு தணிந்திருந்தது என்றார் அக்கா.

மூன்றாம் ராத்திரி இருவருமே இல்லை. அன்று ஞாயிறு, ரோஸ்டர் மாறியிருந்தது. தாராபுரத்துப் பக்கம் ஊர், பத்தொன்பது வயது இருக்கலாம், புதுப் பெண் ஒருத்தி தனியாக வந்தாள். கவுண்டரில் இருந்த ஸ்டாஃப் நர்சுக்கு அப்போதுதான் இரண்டு அட்மிஷன் வந்திருந்தது, ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெண் இரண்டு தடவை கவுண்டரைப் பார்த்தாள், கூப்பிடவில்லை. புதுசு, பேர் தெரியாது, கூப்பிடக் கூச்சம். "சார், கொஞ்சம் காலப் புடிக்கறீங்களா?" நான் பிடித்தேன். அவள் அப்பாவின் அக்குளில் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே இழுத்தாள். அப்பா போனார், மெத்தைத் துணி சர்ரென்று சத்தம் போட்டது. இரண்டு மணிக்கும் அப்படித்தான். நாலு மணிக்கு அவள் வரவில்லை, அடுத்த அறையில் வாந்தி எடுத்த ஆளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தேன்.

காலையில் ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கும்போது அதே இடத்தில் தோல் உரிந்து ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஈரமாக இருந்தது. தூக்கினால் தோலும் சதையும் சேர்ந்தே நகரும். இழுத்தால் எலும்பும் சதையும் நகர, தோல் மட்டும் துணியோடு ஒட்டி நின்றுவிடும். உள்ளே ரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும், ஏற்கெனவே சூடு நின்ற இடம் பிய்ந்துகொள்ளும். ஆக, ஒருத்தி செய்தால் கொஞ்சம் மெதுவாக முடிகிற வேலையல்ல இது. ஒருத்தி செய்தால் வேறொரு வேலையாகிவிடுகிறது, புண் உண்டாக்குகிற வேலை. அவள் இடுப்பும் அதோடு போகும்.

கேஸ் ஷீட்டைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். முதல் ராத்திரி எழுதியது இருந்தது, தெளிவான கையெழுத்தில். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. கேஸ் ஷீட் அவள் தொடுகிற பொருள் இல்லை. ஷிப்ட் மாறும்போது ஸ்டாஃப் நர்சுகள் கவுண்டரைச் சுற்றி நின்று ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பார்கள், அந்த நேரத்தில் அசிஸ்டண்டுகள் துணி மாற்றிக்கொண்டிருப்பார்கள். அப்பா முதுகைப் பற்றி ஆஸ்பத்திரியில் அதிகம் தெரிந்த அக்கா அன்றைக்கு எந்த மாடியில் யாருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாரோ.

பத்து மணிக்கு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. என்னை ஏழெட்டு வருடம் பின்னால் தள்ளி நிறுத்தியது போல் இருந்தார். "சார், ஒரு கம்ப்ளெயிண்ட் எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ண இன்னைக்கே வேற ஃப்ளோருக்கு மாத்திடறோம்."

மாத்திடறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. மாற்றியதால் வந்த புண்ணுக்கு மருந்தாக இன்னொரு மாற்றல். அந்த மெமோ எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம்: 'பணியில் கவனக்குறைவாக இருந்தமைக்கு விளக்கம் கோரப்படுகிறது.' அதை டைப் அடித்தவன் நான். அவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் லினன் டிராலிக்குப் பின்னால் நின்று, தலையணை உறை ஒன்றையே மாற்றிக்கொண்டிருந்தாள், கழற்றுவதும் மாட்டுவதுமாக.

## அது என் வேலை இல்லை

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிஸ் காலிஷ் என்ற நர்சிங் பேராசிரியர் 2006-இல் வார்டுகளில் எந்தெந்தப் பராமரிப்பு விட்டுப்போகிறது என்று அங்குள்ள நர்சுகளையும் அசிஸ்டண்டுகளையும் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார். நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, ஆறுதலாக நாலு வார்த்தை. விட்டுப்போகிறவற்றில் பாதி இந்த மாதிரி கைவேலைகள். காரணங்களின் பட்டியலும் இருக்கிறது: ஆள் பற்றாக்குறை, இருக்கிற ஆளைச் சரியாகப் பயன்படுத்தாதது, வேலையைச் சரியாக ஒப்படைக்கத் தெரியாதது, 'அது என் வேலை இல்லை' என்கிற நோய். பிட்ஸ்பர்க்கைவிட இது எங்கள் வார்டுக்குப் பக்கம்.

ஆனால் அந்த நோய் என்ற சொல்லோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 'அது என் வேலை இல்லை' என்று சொல்கிற ஸ்டாஃப் நர்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி, ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், பில்லிங் என்ட்ரி, டாக்டர் போன் என்று அவர்கள் தலைக்கு மேல் வெள்ளம். ஒரு தடவை பெட்பேனைத் தொட்டால் நாளைக்கு ஆள் வராதபோது அதுவும் தன் தலையில்தான் விழும் என்ற பயம் அவர்களுக்கு. நாளைக்கு இதே அக்கா தன்னோடு இருப்பார், இன்றைக்கு நான் பிடித்தால் நாளைக்கு அவர் எனக்கு ஒன்று செய்வார் என்கிற நம்பிக்கை வர, குறைந்தது ஒரு மாதமாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாமா? வாரக் கணக்கில் முகம் மாறும் இடத்தில் கைமாற்றுக் கொடுப்பவன் யார்? மகளிர் குழுவே பத்துப் பேரும் ஒரே தெரு என்பதால்தானே ஓடுகிறது. அந்தியூர் அக்கா அன்றைக்குக் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்றுதான் வெகுநாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரிந்த ஒரே உண்மையான குழுவைப் பற்றி அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சம்பளமும் வேண்டும், அதை விட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பனியன் கம்பெனிக்குப் போனவர்களில் ஒருத்தி பின்னாளில் பஸ்ஸில் சொன்னது இது: "அங்க ஒரே டேபிளுங் சார். ரெண்டு வருசமா ஒரே டெய்லரக்காகூடத்தான். நான் ஒரு நா வரலீன்னா தேடும்."

அப்பாவின் புண் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீட்டில் புரட்டியது அம்மாவும் நானும். பழைய ஜமக்காளம் ஒன்றையே டிரா ஷீட்டாகப் போட்டிருந்தோம், பிடிக்க நல்ல அழுத்தம். பவானி ஜமக்காளத் தறி அகலத் தறி. குழியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடு நூல் சுற்றிய நாடாவை ஒருவர் விட, மற்றவர் வாங்கித் திருப்பி விட வேண்டும். அம்மாவும் அப்பாவும் இருபது வருடம் அப்படி உட்கார்ந்தவர்கள். ராத்திரி இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து, அம்மா ஒரு ஓரம் நான் ஒரு ஓரம் சுருட்டிப் பிடித்ததும், நான் ஒன்று இரண்டு எண்ண ஆரம்பிப்பேன். அப்பாவுக்கு அது பிடிக்காது. குழறலாக, "நாடா வுடு" என்பார். அம்மா உடனே தூக்கிவிடுவாள். நான்தான் எப்போதும் அரை நொடி பிந்துவேன், அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

சித்திரையில் பழைய ஆஸ்பத்திரியில் இன்னும் ஹெச்.ஆரில் இருக்கிற நண்பன் போன் செய்தான். வருடாந்தர ஆய்வு வருகிறதாம், என் பழைய ஃபாரத்தின் சாப்ட் காப்பி வேண்டுமாம். அனுப்பினேன், பதினேழாவது கேள்வியை மட்டும் மாற்றி: 'ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டும்போது ஷீட்டின் மறுபக்கத்தைப் பிடிப்பவர் யார்? பேர் தெரியுமா?' அப்படியே ரோஸ்டரில் ஒரே ஜோடியை மூன்று மாதம் ஒரே மாடியில் விட்டுப் பாரேன் என்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். ரோஸ்டரைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டது ஃபாரத்தைப் பற்றித்தான்.

"ஏப்பா, இந்தப் பதினேழாவதுக்கு டிக் எங்க அடிக்கறது? கட்டத்தையே காணோம்?"